வெள்ளிக்கிழமை வீடு

பதினாறு வயதில் எனக்கு மைசூரில் ஏழு வீடுகள் இருந்தன. சொந்த வீடும் இல்லை, வாடகை வீடும் இல்லை. எல்லாம் சாப்பாட்டு வீடுகள். மேல்கோட்டைக் கோயிலில் கைங்கரியம் செய்துகொண்டிருந்த அப்பாவுக்கு மகனைக் காலேஜில் படிக்க வைக்கும் ஆசை இருந்தது, கையில்தான் ஒன்றும் இல்லை. ஏழை மாணவன் ஒருவனுக்கு வாரத்தில் ஒரு நாள் சோறு போடுவதைப் புண்ணியமாக நினைத்த குடும்பங்கள் மகாராஜா காலத்து மைசூரில் நிறைய இருந்தன. அதற்கு வாரச் சாப்பாடு என்று பெயர். அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு இரண்டு நாள் தெருத்தெருவாக நடந்து, ஏழு கிழமைக்கும் ஏழு வீடு பிடித்துக் கொடுத்துவிட்டு ஊர் திரும்பினார். படுக்க ஓர் அச்சுக்கூடத்து மாடியில் அறை கிடைத்தது. அதில் நானும், இன்னொரு பையனும், அவனுடைய பிரம்மாண்டமான டிரங்குப் பெட்டியும் குடியிருந்தோம்.

ஆக, மற்ற மாணவர்களுக்கு ஒரு கால அட்டவணை என்றால் எனக்கு இரண்டு. செவ்வாய்க்கிழமை லாஜிக் வகுப்பு, வக்கீல் வீட்டுச் சாப்பாடு. அங்கே கிணற்றில் பன்னிரண்டு குடம் இறைத்த பிறகுதான் இலை விழும். புதன்கிழமை ஒரு பென்ஷன்காரர் வீடு. அவர் சாதம் போடுமுன் சரித்திரத்தில் கேள்வி கேட்பார். தப்பாகச் சொன்னால் நெய் கிடையாது. எனக்குச் சரித்திரத்தில் நல்ல மார்க் வந்ததற்கு எங்கள் புரொபசர் காரணமில்லை, அந்த நெய்தான் காரணம்.

வெள்ளிக்கிழமை வீடு தனி. தேவராஜ மொஹல்லாவில், மார்க்கெட்டுக்குப் பின்னால், பெரிய தேக்குக் கதவு போட்ட பழைய வீடு. மாமியும் மாமாவும் இரண்டே பேர், குழந்தை இல்லை. மாமா முன்பு ஏதோ ஆபீசில் குமாஸ்தாவாக இருந்தவர். இழுப்பு நோய் வந்து வேலையை விட்டுவிட்டு உள்ளறையில் படுத்திருந்தார். அங்கே யாரும் என்னைத் தண்ணீர் இறைக்கச் சொன்னதில்லை, கேள்வி கேட்டதுமில்லை. நான் சாப்பிட்டு எழுந்திருக்கும்வரை மாமி வாயில் ஒரு பருக்கை போடமாட்டாள். அது வாரம் போடுகிறவர்களின் வழக்கம். "நன்னா பெசஞ்சு சாப்பிடுடா. எங்காத்துப் பிள்ளை மாதிரி இருக்கே, எலும்பும் தோலுமா" என்பாள். கெட்டித் தயிர் அந்த ஒரு வீட்டில்தான். மற்ற ஆறு நாட்களில் அவர்கள் வீட்டில் என்ன தளிகை பண்ணினார்கள், என்ன சமைத்துச் சாப்பிட்டார்கள் என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை. எனக்கு அது வெள்ளிக்கிழமை மட்டும் திறக்கிற வீடு.

இதையெல்லாம் காலேஜில் நான் மூச்சுவிடவில்லை. அங்கே எனக்கு மூன்று சிநேகிதர்கள் வாய்த்திருந்தார்கள். மூவரும் கிராப்பு வைத்துக்கொண்டவர்கள். நான் குடுமியைக் கறுப்புத் தொப்பிக்குள் அமுக்கி வைத்திருந்தவன். அவர்களில் தலைவன் ஓர் என்ஜினீயர் மகன். எங்கள் ஜாதிக்காரர்கள்தான், ஆனால் வீட்டில் மேஜை போட்டுச் சாப்பிடுகிறவர்கள். நன்றாகப் பாடுவான், வாய் ஓயாமல் பேசுவான், எல்லோரையும் சிரிக்க வைப்பான். அவன் என் தோளில் கை போட்டுக்கொண்டு காலேஜ் மைதானத்தில் நடந்தால் எனக்குத் தரையில் கால் பாவாது. "நீ எங்கே தங்கியிருக்கே?" என்று அவன் முதல் நாள் கேட்டபோது, "அத்தை வீட்ல" என்று சொல்லிவிட்டேன். எனக்கு மைசூரில் அத்தையே கிடையாது. அந்த அத்தையை அந்த நிமிஷத்தில் நானே உண்டாக்கினேன்.

சனிக்கிழமை அரை நாள் காலேஜ். ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒருவர் வீட்டில் கூடி டிபன் சாப்பிட்டுவிட்டு உலகத்தைத் திருத்துவது என்று என்ஜினீயர் மகன் ஒரு சங்கம் ஆரம்பித்தான். முதல் மூன்று சனிக்கிழமைகளும் ஜோராகக் கழிந்தன. நான்தான் எல்லா வீட்டிலும் அதிகம் சாப்பிட்டவன். நாலாவது முறை யாருடையது என்று சொல்லவேண்டியதில்லை. "உங்க அத்தை கைப் பக்குவத்தையும் பாத்துடலாம்டா!" என்றார்கள்.

ஒரு வாரம் எனக்குத் தூக்கமில்லை. ஜுரம் என்று படுத்துக்கொள்ளலாமா என்றுகூட நினைத்தேன். கடைசியில் வெள்ளிக்கிழமை, தயிர் சாதத்தின் நடுவில், மாமியிடம் உடைத்துச் சொல்லிவிட்டேன். திட்டுவாள் என்று பார்த்தால், மாமி சிரிசிரியென்று சிரித்தாள். உள்ளறையைப் பார்த்து, "கேட்டேளா? நமக்கு மருமான் பொறந்திருக்கான்!" என்று கத்தினாள். பிறகு என்னிடம், "அத்தைன்னுதானே சொல்லப் போறே, அதுல என்ன பொய்? நாளைக்கே கூட்டிண்டு வா. நாலு பிள்ளைகள் வந்து உக்காந்து சாப்பிட்டு எத்தனை நாளாச்சு இந்தாத்துல!" என்றாள். என்னென்ன பண்ணலாம் என்று விரல்விட்டு எண்ணத் தொடங்கினாள். நான் கை கழுவிவிட்டு வந்த பிறகும் எண்ணிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் புரொபசர் ஒருவர் வராததால் வகுப்பு சீக்கிரம் முடிந்துவிட்டது. மூன்று மணிக்கு வருவதாகச் சொன்னவர்கள் இரண்டு மணிக்கே கதவைத் தட்டினோம். அந்தத் தேக்குக் கதவைப் பார்த்து என்ஜினீயர் மகன், "பேஷ், அரண்மனை மாதிரின்னா இருக்கு!" என்றான். எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. சாத்தியிருந்த கதவைத் தள்ளித் திறந்தேன். கூடத்தில் பாய் விரித்திருந்தது. உள்ளேயிருந்து எண்ணெய் காயும் வாசனை வந்தது. எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

அப்போது கதவு திறந்த சத்தம் கேட்டு மாமி, உடுத்தியிருந்த உடையோடு ஓடிவந்துவிட்டாள். நல்ல புடவை கொடியில் தயாராகத் தொங்கிக்கொண்டிருந்தது, மாற்ற நேரமில்லை. அவள் கட்டியிருந்த பழம் புடவையில் தோளருகே வேறு நிறத் துணியில் ஒட்டுப் போட்டிருந்தது. முழங்கைவரை மாவு, முகமெல்லாம் வேர்வை. காதில் தோடு இல்லை. துளை தூர்ந்துபோகாமலிருக்க வேப்பங்குச்சி செருகியிருந்தாள். எத்தனையோ வெள்ளிக்கிழமைகள் அந்த முகத்துக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன். அந்தக் குச்சியை அன்றுதான், என் சிநேகிதன் கண்கள் அதன்மேல் போனதால், நானும் பார்த்தேன்.

"வாங்கோ வாங்கோ, உக்காருங்கோ, இதோ வந்துட்டேன்" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே ஓடினாள். என்ஜினீயர் மகன் என் பக்கம் திரும்பினான். "தளிகைக்கு ஆள் வெச்சிண்டிருக்கேளா? அத்தை எங்கேடா?"

'இவள்தான் அத்தை' என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? இரண்டு சொல். மாமி எனக்குக் கொடுத்த பொய் அது, இலவசமாக, சிரித்துக்கொண்டே கொடுத்த பொய். அதைச் சொல்லக்கூட எனக்கு நாக்கு எழவில்லை.

"அத்தை நஞ்சன்கூடு போயிருக்கா" என்றேன். "இவா தளிகை பண்ற மாமி."

சொல்லி முடித்து நிமிர்ந்தால், கையில் சேவைத் தட்டோடு மாமி நிலைப்படியில் நிற்கிறாள். அவள் கேட்டுவிட்டாள் என்பதில் சந்தேகமே இல்லை. தலையைக் கொஞ்சம் குனிந்துகொண்டு வந்து பரிமாறினாள். "கொழந்தே, அத்தை வந்தா பட்சணம் எல்லாம் ஆயிடுத்துன்னு சொல்லிடறேன்" என்றாள். அதுவரை என்னை 'டா' போட்டுப் பேசியவள்.

உள்ளறையில் மாமா இருமினார். "யாரது?" என்றான் சிநேகிதன். மாமியே பதில் சொன்னாள். "எங்காத்துக்காரர். ஒடம்பு சரியில்லே. ஆத்துப் பெரியவா மனசு வெச்சு இங்கேயே இருக்கட்டும்னு சொல்லியிருக்கா." தன் வீட்டிலேயே நின்றுகொண்டு இதைச் சொன்னாள்.

பாவிகள், எல்லோரும் வயிறு புடைக்கத் தின்றார்கள். நானும் தின்றேன். என்ஜினீயர் மகன் இலையை வழித்துவிட்டு, "மாமி, என்ன கை உங்களுக்கு! எங்காத்துல தளிகைக்கு ஆளே நிக்க மாட்டேங்கறா, அம்மா திண்டாடறா. நீங்க எங்காத்துக்கு வந்துடுங்கோளேன்" என்றான். மற்றவர்கள் சிரித்தார்கள். மாமி சிரிக்கவில்லை. "கேட்டுண்டு சொல்றேன்" என்றாள். "யார்கிட்டே?" என்றான் அவன். "ஏன், கொழந்தையோட அத்தையைத்தான்" என்று சொல்லிவிட்டு இலைகளை எடுக்கக் குனிந்தாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை நான் போகவில்லை. எந்த முகத்தை வைத்துக்கொண்டு போவது? பட்டினி கிடந்தேன். அதைப் பெரிய பிராயச்சித்தமாகவும் நினைத்துக்கொண்டேன். நான் வருவேனென்று மாமியும் அன்று சாப்பிடாமல் காத்திருப்பாள் என்பது பொழுது சாய்ந்த பிறகுதான் உறைத்தது. தன் வயிற்றைக் காயப்போடுகிற சாக்கில் அவள் வயிற்றையும் காயப்போட்ட மகாத்மா நான்.

அதற்கடுத்த வெள்ளி போனேன். இலை போட்டிருந்தது. உட்கார்ந்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. "மாமி, நான் பண்ணினது மகா தப்பு. என்னை அடிச்சுடுங்கோ" என்றேன்.

"ஹோக்லி பிடு, போனாப் போறது" என்றாள் மாமி. "அழாம சாப்பிடு, மோர் ஆறிடப் போறது."

ஆறுகிற மோரைக் கேட்டு அழுகையோடு சிரித்தேன். அன்று தயிர் இல்லை, மோர்தான். மோர் சாதம் இறங்கிய பிறகு மெதுவாகச் சொன்னாள். என் சிநேகிதனின் அம்மா ஆளனுப்பிக் கூப்பிட்டாளாம். இவளும் போய்ப் பார்த்துவிட்டாளாம். ஆவணி பிறந்ததும் வேலைக்குச் சேரப் போகிறாள். பங்களாவுக்குப் பின்னால் ஓர் அறை தருகிறார்களாம், மாமா அங்கே இருந்துகொள்ளலாம். இந்த வீட்டைக் காலி பண்ணிவிடுவார்கள்.

"வேண்டாம் மாமி! நான் சொன்னேன்கிறதுக்காக இப்படிப் பண்ணாதேங்கோ" என்று கெஞ்சினேன். என்னைத் தண்டிப்பதற்காகவே அவள் சமையல்காரியாகப் போகிறாள் என்று நான் நிச்சயமாக நம்பினேன். அந்த வயதில் உலகத்தில் நடப்பதெல்லாம் நம்மைப் பற்றித்தானே! மாமி மோர்ப் பாத்திரத்தை எடுத்து மூடினாள். "உனக்கு வெள்ளிக்கிழமைக்கு வேற ஆம் பாத்து வெச்சிருக்கேன். பக்கத்துத் தெருதான். அவா ஆத்துல காரம் ஜாஸ்தி, நீ பழகிக்கோ" என்றாள்.

என் அத்தைக்கு அதற்குப் பிறகு ஓய்வே இல்லை. நஞ்சன்கூட்டிலிருந்து திரும்பினாள், வீட்டைக் காலி செய்துகொண்டு பெங்களூருக்குக் குடிபோனாள், சமையல் மாமியைச் சந்தோஷமாக விட்டுக்கொடுத்தாள். சிநேகிதன் எல்லாவற்றையும் நம்பினான். "உங்க அத்தைக்குப் பெரிய மனசுடா" என்றான்.

தசரா லீவில் சங்கம் அவன் பங்களாவில் கூடியது. போகாமல் இருக்க எத்தனையோ காரணம் தேடினேன், ஒன்றும் நிற்கவில்லை. மேஜையைச் சுற்றி நாலு பேரும் உட்கார்ந்தோம். மாமி பரிமாற வந்தாள். முழுசான புடவை, ஒட்டுப் போடாதது. என் தட்டில் பரிமாறும்போதும் மற்றவர்களுக்குப் போட்டது போலவே போட்டாள், ஒரு பார்வைகூட மாறவில்லை. நான் தட்டில் கையே வைக்கவில்லை. கை கழுவுகிற சாக்கில் எழுந்து சமையலறைக்குப் பின்னால் போனேன். மாமி தனியாக நின்றுகொண்டிருந்தாள்.

"மாமி, நான் இன்னிக்கே அவன்கிட்டே எல்லாத்தையும் சொல்லிடறேன். நீங்க யாரு, நான் யாரு, எல்லாம்" என்றேன். நிஜமாகத்தான் சொன்னேன். எத்தனையோ நாளாக மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பழகிய வார்த்தைகள்.

மாமியின் முகம் வெளுத்துவிட்டது. என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "சொல்லிடாதேடா. எனக்கு ஒரு ஆம் இருந்தது, நான் ஒரு பிள்ளைக்கு வாரம் போட்டிண்டிருந்தேன்னு இங்கே யாருக்கும் தெரிய வேண்டாம். தெரிஞ்சா என்னால இங்கே நிக்க முடியாது. ஒன்னைக் கெஞ்சிக் கேட்டுக்கறேன். சத்தியம் பண்ணு."

சத்தியம் பண்ணினேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அப்போது எனக்கு வந்தது பெரிய நிம்மதி. அப்பாடா, தப்பித்தேன்! இத்தனை நடந்தும் மாமி என்னைக் காப்பாற்றத்தான் நினைக்கிறாள், என் மானம் போகக்கூடாது என்றுதான் இப்படித் தவிக்கிறாள் என்று எண்ணி உருகிப்போனேன். அவளுக்கும் காப்பாற்றிக்கொள்ள ஒன்று இருந்தது என்பது என் மண்டையில் ஏறவே இல்லை.

திரும்பி வந்து மேஜையில் உட்கார்ந்தேன். பசி நன்றாக எடுத்தது. கொடுத்த வாக்கைச் சரியாகக் காப்பாற்ற வேண்டுமே என்று, என் சிநேகிதன் கூப்பிடுகிற அதே குரலில், உரக்க, "தளிகை மாமி, எனக்கு இன்னொரு வடை!" என்று கூப்பிட்டேன்.

ஒன்றுக்கு இரண்டாகக் கொண்டுவந்து போட்டாள்.