உச்சிமாகாளியின் வலது முட்டி

நான் சொல்லப்போவது அத்தனையும் நடந்த கதை. கொஞ்சம் இழுத்து நீட்டித்தான் சொல்லுவேன். அது கூடாது என்றால் இந்தச் சாயாக்கடையில் நான் வாயே திறக்க முடியாது.

இலத்தூர் உச்சிமாகாளி சடுகுடு ஆட வருகிறான் என்றால், எதிர்க்கட்சியில் பாதிப்பேர் வயிற்றுவலி என்று படுத்துக்கொள்வார்கள். அவன் பாடி வருகிற மூச்சுக்குத் தென்காசி மொட்டைக் கோபுரத்துப் புறாவெல்லாம் ராயகிரிக்குப் பறந்துவிடும். அப்பேர்ப்பட்டவனை ஆலங்குளத்து ஆட்டத்தில் அமுக்கிக் காலைத் திருகிவிட்டார்கள். வலது முட்டிக்குள் சவ்வு கிழிந்துபோயிற்று. நடக்கும்போதே முட்டி பூட்டிக்கொள்ளும்.

மிஷன் ஆஸ்பத்திரி வெள்ளைக்கார டாக்டர், "அறுத்து எடுக்கலாம். முதலில் தொடை பலமாக வேண்டும்" என்று திருப்பி அனுப்பினார். கணுக்காலில் மணல்மூட்டையைக் கட்டி, காலை நீட்டியபடியே தூக்கி இறக்க வேண்டும். இவன் மணல் அள்ளியதில் சிற்றாறு பள்ளமாகிவிட்டது. அடுத்த குற்றாலச் சாரல் காலத்துக்குள் களத்தில் இறங்கிவிட வேண்டும் என்று அவனுக்கு வெறி.

அறுவை முடிந்தது. நர்சு ஜெபமலர் அவன் பெண்டாட்டி சொக்கம்மாளின் கையைப் பிடித்துச் சொன்னாள்: "இனிமேதாம்மா வேலையே. தெனமும் மடக்கி நீட்டணும், நடக்க வைக்கணும். கத்துவாக. நீ விட்ராத. விட்டா முட்டி இறுகிப்போவும்."

கத்தினான். மலைக் குரங்கெல்லாம் கேரளம் பக்கம் ஓடிற்று. "கட்டுன புருசன் கால ஒடிக்கா, பாதகத்தி!" என்று தெருவே ஏசியது. சொக்கம்மாள் அழுதுகொண்டே மடக்கினாள்.

அப்போது அவனோடு சடுகுடு ஆடுகிற கட்சிக்காரர்கள் வந்தார்கள். இதோ, பெஞ்சில் தலைகுனிந்து இருக்கிற பிச்சுமணியும் மந்திரமூர்த்தியும்தான். "எங்க சிங்கத்த நடக்க விடுவமா?" என்று தோளில் தூக்கினார்கள். அருவிக்குத் தோள், ஆட்டம் பார்க்கத் தோள், கொல்லைக்குப் போகவும் தோள். சாமிக்குக்கூட வருஷத்தில் ஒருநாள்தான் சப்பரம்.

சொக்கம்மாள் வாசலை மறித்துக் கும்பிட்டாள். "இறக்கிவிடுங்கண்ணே. அவுக கால் ஊனட்டும்."

"பொம்பளைக்கு என்ன தெரியும்? தள்ளு!"

தோளில் இருந்தவனும் சிரித்தான். அங்கே வலி இல்லையே. அதன்பிறகு மடக்கவும் அவளிடம் காலைக் கொடுக்கவில்லை.

சாரல் வந்தது. கால் உலக்கையாக விறைத்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஜெபமலர் முட்டியை அழுத்திப் பார்த்துவிட்டு, "நீ மடக்கலியாம்மா?" என்றாள். சொக்கம்மாள் யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை. இப்போது ஆட்டம் நடக்கிற நாளில் உச்சிமாகாளி உள்ளே கதவைச் சாத்திக்கொள்கிறான். வெளியே விசில் கேட்டால் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுக்கிறான்.

"மொதல்ல தூக்குனது இவம்லா" என்றான் பிச்சுமணி.

"ஏலே, அருவிக்குச் சொமந்தது யாரு? நீதான, மூதி!"

"அந்தப் புள்ள கும்புட்டு மறிச்சப்போ தள்ளிவிட்டது நீயிலே!"

மந்திரமூர்த்தி எழுந்தான். பெஞ்சு கவிழ்ந்தது. "பொய்யா சொல்லுத?" என்று பிச்சுமணியின் துண்டைப் பிடித்து இழுத்தான். கடைக்காரர் கொதிக்கிற பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு ஒதுங்கினார்.