முக்காட்டு ஓரத்தில் வெள்ளைப் புள்ளிகள்

மகளுக்கு அப்போது ஏழு வயது. மடவளையில் எங்கள் துணிக்கடையின் பின்னறையில், சீத்தைத் துணிச் சுருள்களுக்கு நடுவே, பகல் சாப்பாடு முடிந்ததும் வாய் திறந்து தூங்குவாள். வெளியே மழை, உள்ளே அவளுடைய குறட்டை. இரண்டும் கலந்து கடையே எங்கோ மிதப்பது போலிருக்கும்.

"முதலாளி, உள்ளுக்கு பஸ் ஒண்டு ஏத்தம் ஏறுதா?" என்று ஒருவர் கேட்டார். சிரித்தேன். ஆனால் அந்த பஸ் நடு ஏற்றத்தில் நின்றுவிடும். மூச்சே இருக்காது. கையில் கத்தரிக்கோலோடு காத்திருப்பேன். பிறகு திடுக்கிட்டுக் கிளம்பும்.

டொன்சில் இரு பக்கமும் பெருத்திருக்கிறது, மூக்கின் பின்னால் அடினொயிட் சதையும் வளர்ந்திருக்கிறது என்றார் கண்டியில் நாங்கள் காட்டிய டொக்டர். "ஒரு மாசம் தினமும் காலையில இந்த மருந்த மூக்குல அடிங்க. குறையல்லண்டா ஒப்பரேஷன யோசிப்போம்."

கடைக்கு வந்தவர்கள் துணி கிழிக்கும் நேரத்துக்குள் ஆளுக்கொரு தீர்ப்புச் சொன்னார்கள். "வளர வளர தானா சுருங்கும், கத்தி வைக்காதீங்க நானா." "வெட்டினா குரலே மாறிப்போகும்." "வெட்டின பிறகுதான் என்ட மகன் மனுசன் மாதிரி தூங்கினான்." எல்லாரையும் நம்பினேன். நன்றாகச் சொன்னால் எதையும் நம்பிவிடும் ஆள் நான்.

அது நோன்பு மாதம். மகள் நண்பகல் லுஹர் தொழுகை வரை அரை நோன்பு பிடித்தாள். காலையில் என் மனைவி மருந்தை அடித்துவிடுவாள். போத்தல் குறைந்தது, குறட்டை குறையவில்லை. ஒப்பரேஷன் செய்யலாம், அடுத்த கிழமை முடிவைச் சொல்லுங்கள் என்றார் டொக்டர்.

பெருநாள் கழிந்து துணி துவைத்த மனைவி, மகளின் மதரசா முக்காடு ஒன்றை விரித்துக் காட்டினாள். ஓரமெங்கும் சுண்ணாம்பு தெறித்தது போல வெள்ளைப் புள்ளிகள்.

"இது என்னது மகள்?"

"மருந்து உம்மா. மூச்ச புடிச்சிக்கொண்டு இருந்து, நீங்க அங்கால போனதும் சிந்திடுவேன். உள்ளுக்கு போனா நோம்பு முறியும்தானே."

"நீ புடிச்சது அரை நோம்புதானே!" என்றேன்.

"அரை நோம்பும் நோம்புதானே வாப்பா."

நோன்பு திறந்த பிறகு அடிக்கலாம் என்று எங்கள் இருவருக்கும் தோன்றவேயில்லை. அவளுடைய நோன்பை நாங்கள் விளையாட்டாக நினைத்திருந்தோம்.

"அப்ப மருந்து தோக்கல்ல. வெட்டத் தேவல்ல," என்றாள் மனைவி. கண்டிக்குப் போன பஸ் பயணம் முழுக்க அவள் முகத்தில் அந்த நம்பிக்கை இருந்தது.

டொக்டர் கேட்டுச் சிரித்துவிட்டார். "சரி, இன்னொரு மாசம் ஒழுங்கா அடிச்சிப் பாப்போம். மூச்சு நிக்கிறது கூடினா உடனே வாங்க."

இம்முறை மகளே போத்தலை எடுத்து வந்து முகத்தை நிமிர்த்தி நிற்பாள். மூக்கடைப்பு கொஞ்சம் இளகியது. பஸ் மட்டும் அதே ஏற்றத்தில், அதே இடத்தில் நின்றது. கடைசியில் ஒப்பரேஷனுக்குக் கையெழுத்துப் போட்டோம். "இனி மனசுல கேள்வி இல்ல," என்றாள் மனைவி. ஆனாலும் பேனையைத் திருப்பிக் கொடுக்க மறந்து கையிலேயே வைத்திருந்தாள்.

அது முடிந்து சில வாரங்களுக்குப் பின் ஒரு மழைப் பகல். சீத்தை வெட்டிக்கொண்டிருந்தவன் சட்டென்று நிறுத்தினேன். பின்னறையில் சத்தமே இல்லை. கத்தரிக்கோலைப் போட்டுவிட்டு ஓடினேன். எனக்கு முன்பே மனைவி அங்கே குனிந்து, வாய் மூடித் தூங்கும் மகளின் மூக்கருகே விரலை வைத்திருந்தாள்.

"வருது," என்றாள் மெதுவாக. "நீங்களும் வச்சிப் பாருங்க."