நல்ல கண்ணை மூடி வைத்த நாட்கள்

அல்லிநகரத்தில் எனக்கு ஒரு போட்டோ ஸ்டூடியோ. மகளுக்கு மூன்று மாதம் ஆனபோது அவளைக் கடைக்குத் தூக்கி வரச் சொல்லிப் படம் எடுத்தேன். கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பார்த்தால், வலது கண்ணின் நடுவில் வழக்கமான சிவப்பு. இடது கண்ணில் மட்டும் சோற்றுப் பருக்கை போல வெள்ளை. பிளாஷ் வெளிச்சம் பட்டுத் தெறித்திருக்கும் என்று நினைத்தேன். தினமும் நாலு பேர் கண்ணில் சிவப்பை அழிக்கிறவன் நான். இரண்டையும் கறுப்பாக்கி, பிரேம் போட்டு வீட்டில் மாட்டினேன்.

ஒன்பதாம் மாதத் தடுப்பூசிக்குப் போன இடத்தில் நர்ஸ் பிள்ளையின் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பினார். "இந்தக் கண்ணு என்னம்மா வெளுத்துக் கிடக்கு? நாளைக்கே மதுரைக்குக் கொண்டு போங்க."

மதுரையில் பார்த்த டாக்டர் என்னைவிட வயதில் சின்னப் பெண். பிறவியிலேயே ஒரு கண்ணில் புரை என்றார். எனக்குப் பாதி பயம் போய்விட்டது. என் அப்பா புரை எடுத்த இரண்டாம் நாளே பேப்பர் படித்தாரே!

"எங்கப்பாவுக்கு மாதிரி, எடுத்துட்டா சரியாப் போயிரும்ல டாக்டர்?"

"உங்க அப்பாவோட மூளை பாத்துப் பழகின மூளை சார். இவளுக்கு இனிமேத்தான் பழகணும். வயித்துக்குள்ள, இருட்டுல இருக்கும்போதே கண்ணுல இருந்து மூளைக்குச் சின்னச் சின்னத் துடிப்பு போயி வழி போட ஆரம்பிச்சிரும். பிறந்தப்புறம் வெளிச்சமும் உருவமும் போனாத்தான் அந்த வழி நிலைக்கும். ஒரு கண்ணுல இருந்து ஒண்ணுமே வரலைன்னா, அதோட இடத்தையும் நல்ல கண்ணு எடுத்துக்கும்."

"எப்ப வந்திருக்கணும்?"

"ரெண்டு மாசத்துக்குள்ள."

"மூணு மாசத்துல வந்திருந்தா?"

"இப்ப வந்ததுக்கு அது எவ்வளவோ மேல்."

போட்டோவைப் பற்றி அங்கே நான் வாய் திறக்கவில்லை. திரும்பி வரும்போது, பஸ் ஆண்டிபட்டிக் கணவாய் தாண்டிய பிறகு மனைவியிடம் சொன்னேன். அவள் பிள்ளையை மற்றத் தோளுக்கு மாற்றிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டாள்.

ஆபரேஷன் நன்றாகவே முடிந்தது. கனத்த கண்ணாடி போட்டார்கள். அதன் பிறகுதான் நிஜமான சிகிச்சை: தினமும் காலையில் மூன்று மணி நேரமும் மதியம் மூன்று மணி நேரமும் வலது கண்ணைப் பிளாஸ்திரி போன்ற ஒட்டுப் போட்டு மூட வேண்டும். வேறு வழியில்லாமல் மூளை இடது கண்ணைக் கவனிக்கட்டும் என்பதற்காக.

அப்போதுதான் நடக்கப் பழகியிருந்தாள். ஒட்டை ஒட்டியதும் உட்கார்ந்துவிடுவாள். கூப்பிட்டால் குரல் வந்த பக்கம் கையை நீட்டுவாள். கட்டில் காலில் முட்டிக்கொள்வாள். ஒட்டைப் பிய்க்காமல் இருக்கப் பிஞ்சுக் கைகளுக்குக் காலுறை மாட்டினோம். காலுறையோடு முகத்தைத் தேய்த்துத் தேய்த்து அழுவாள்.

"தெரியிற கண்ணையும் நாமளே மூடிட்டு, பாரு பாருங்குறோம். டாக்டரம்மா ஈசியாச் சொல்லிட்டாக. அங்கன பாருங்க, பொம்மை மாதிரி உக்காந்திருக்கு. என்னால முடியலங்க" என்றாள் மனைவி.

அதனால் மதிய வேளையில் நான் கடையில் வைத்துப் பார்த்துக்கொண்டேன். என்னாலும் முடியவில்லை. ஒரு மணி நேரத்தில் ஒட்டை எடுத்துவிட்டு, மூன்று மணி நேரம் இருந்தது என்று வீட்டில் பொய் சொன்னேன். பல மாதம் கழித்து ஒரு நாள் முன்னறிவிப்பில்லாமல் வீட்டுக்குப் போனேன். மகளின் கண்ணில் ஒட்டு இல்லை; என் மனைவியும் காலையில் அதைத்தான் செய்துகொண்டிருந்தாள்.

இப்போது மகள் ஒன்றாம் வகுப்பு. ஒட்டுக்குப் பழகிவிட்டாள், ஆனால் இடது கண்ணில் பார்வை இனிப் பெரிதாகக் கூடிவிடாது என்கிறார் டாக்டர். நாங்கள் ஏமாற்றிய மணி நேரங்களால்தானா என்று கேட்டேன். ஒன்பதாம் மாதத்திலேயே பாதி முடிந்துபோயிருக்கும், எதனால் எவ்வளவு என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது என்றார்.

போன சித்திரையில் வீரபாண்டித் திருவிழாவுக்குப் போனோம். பார்வை போன பாண்டிய ராஜாவுக்குக் கண் கொடுத்த ஊர் அது. வேண்டிக்கொண்டபடி வெள்ளியில் கண்மலர் வாங்கிச் செலுத்தினோம். கோயிலுக்கு வெளியே வந்ததும் மனைவி, மகளின் வலது கண்ணைத் தன் கையால் பொத்தினாள். நான் நாலடி தள்ளி நின்றேன்.

"அங்கன என்ன தெரியுதுத்தா?"

"மஞ்சளா ஒண்ணு."

"யாருன்னு தெரியுதா?"

மகள் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். "ஆளா அது?" என்றாள்.

மனைவி கையை எடுத்துவிட்டாள். மகள் ஓடி வந்து, ராட்டினத்துக்குப் போவோம் என்று என் மஞ்சள் சட்டையைப் பிடித்து இழுத்தாள். போனோம்.