நோட்டீஸில் இல்லாத வரி

எனக்கு மீன் வாடை ஆகாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், வம்பு அங்கேதான் ஆரம்பித்தது.

எழுபதுகளில் கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஃபேக்டரிகள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தன. அதில் ஒன்று துணி வெளுக்கிற பவுடர் செய்கிற ஃபேக்டரி. அதற்கு வேண்டிய குளோரின் வாயு, ஆள் உயரச் சிலிண்டர்களில் லாரி லாரியாக வந்து இறங்கும். சிலிண்டர் கசிந்தால் அக்கம்பக்கத்து ஜனம் என்ன செய்ய வேண்டும் என்று வீடு வீடாகப் போய்ச் சொல்ல ஃபேக்டரிக்கு ஒரு ஆள் தேவைப்பட்டது. ஆறு மாதத் தற்காலிக வேலை. அந்த ஆள் நான்தான். எஸ்.எஸ்.எல்.சி. பாஸ், நல்ல உரத்த குரல், கொஞ்சம் முன்கோபம். இதைத் தவிர என்னிடம் வேறு தகுதி எதுவும் கிடையாது.

அப்பா திருவள்ளூர்ப் பெருமாள் கோவில் மடைப்பள்ளியில் புளியோதரை கிளறுகிறவர். "ஆறு மாசம் ஆசை தீர ஊர் சுத்திட்டு ஆத்துக்கு வந்துடு. அரக்கோணத்துப் பையன் ஜாதகம் பேஷாப் பொருந்தியிருக்கு" என்று சொல்லித்தான் அனுப்பினார். அந்தப் பையனை நான் பார்த்திருக்கிறேன். பேசும்போது கண்ணை மூடிக்கொண்டு பேசுவான். ஆயுசு முழுக்க அந்த இமைகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க என்னால் ஆகாது சாமி! வேலை நிரந்தரமானால் தப்பித்தேன். ஆறாவது மாதம் ஊர் ஜனத்தை வைத்து ஒரு ஒத்திகை நடக்கும், அது ஒழுங்காக நடந்தால் நிரந்தரம், இல்லையென்றால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான் என்று பாதுகாப்பு ஆபீசர் முதல் நாளே சொல்லிவிட்டார். டை கட்டிக்கொண்டு மதராஸிலிருந்து தினமும் ரயிலில் வருகிற மனிதர். சிரித்து நான் பார்த்ததில்லை.

என் கையில் ஒரு கட்டு நோட்டீஸ் கொடுத்தார்கள். அதில் இருந்தது இவ்வளவுதான். சங்கு விட்டு விட்டு ஊதினால் துணியை நனைத்து மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ள வேண்டும். இந்த வாயு கனமானது, தாழப் பாயும், ஆகவே பள்ளத்தில் நிற்கக் கூடாது. எல்லோரும் மேற்கே மேட்டில் இருக்கிற பள்ளிக்கூடத்துக்கு ஓட வேண்டும்.

ஃபேக்டரி மதிலுக்குத் தெற்கே ஐம்பது அறுபது வீடுகள். முதல் நாள் தெருக்குழாயடியில் நின்று, ஒரு துண்டை நனைத்து மூஞ்சியில் கட்டிக் காட்டினேன். கூட்டம் பொசுக்கென்று கலைந்தது. தாய்மார்கள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு வீட்டுக்குள் போனார்கள்.

"இன்னாத்துக்கும்மா ஈரத்துணியோட நிக்கச் சொல்ற? எவன் செத்தான் இங்க?" என்று ஒரு பெரியவர் கத்தினார். "வெள்ளிக்கெழமயும் அதுவுமா, அச்சானியம் புடிச்ச வேல!"

அப்புறம்தான் எனக்கு உறைத்தது. சாவுக்குப் போய்வந்தால்தானே குளத்தில் முங்கி, ஈரத்துணியோடு தெருவில் வருவார்கள்? ஒன்றுமில்லாத நல்ல நாளில் ஊரே நனைந்த துணியோடு நில்லுங்கள் என்றால் யார்தான் நிற்பார்கள்? மதராஸில் உட்கார்ந்து நோட்டீஸ் எழுதியவருக்கு இது எங்கே தெரியப்போகிறது!

எல்லோரும் போனபிறகும் ஒருத்தி மட்டும் குழாயடியில் கூடையை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பத்தில் பிறந்து, இந்த ஊருக்கு வாக்கப்பட்டு வந்தவள். என் அம்மா வயது இருக்கும். கூடை நிறைய மீன். என் கை தானாக முந்தானையை எடுத்து மூக்கை மூடிக்கொண்டது.

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "மீன் கூடைக்கு மூக்க மூடக் கத்துக்கினு, அதையே ஊருக்குக் கத்துக் குடுக்க வந்துகிறியா? எந்த ஊரு ஐயரூட்டுப் பொண்ணு நீ?"

"நாங்க ஐயர் இல்லே, ஐயங்கார்" என்றேன் கோபமாக.

"ரெண்டுக்கும் மீனு ஆவாதுல்ல? அப்ப ஒண்ணுதான்."

வீடுகளுக்குள் போனவர்கள் எல்லாரும் சன்னல் வழியாகச் சிரித்தார்கள். எனக்கு வந்த கோபத்தில் மிச்ச நோட்டீஸைக் குழாயடியிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டேன். மறுநாள் பார்த்தால் அதில் கருவாடு மடித்துக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமை திருவள்ளூருக்கு பஸ்ஸில் போகும்போது பெரியபாளையத்தில் பஸ் நின்றது. ஆடி மாதம். கோவில் வாசலில் மஞ்சள் புடவை சொட்டச் சொட்ட, வேப்பிலையைக் கட்டிக்கொண்டு பெண்கள் வேண்டுதலுக்குச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். அட, இதுவும் ஈரத்துணிதானே! ஒருத்தி முகத்திலும் துக்கம் இல்லை. என் மூளை அன்றைக்கு வேலை செய்ததைப் போல அப்புறம் செய்யவேயில்லை. அப்பா கொடுத்த கைச்செலவில் ஒரு வீசை மஞ்சள் வாங்கிக்கொண்டு திங்கட்கிழமை திரும்பினேன்.

"வெறும் தண்ணில நனைக்க வேண்டாம், மஞ்சத் தண்ணில நனைச்சு வெச்சுக்கோங்கோ" என்றேன். அவ்வளவுதான், காரியம் முடிந்தது. மஞ்சள் பட்ட துணி நல்ல துணி. ஒரே வாரத்தில் எல்லா வீட்டிலும் தண்ணீர்த் தவலைக்குப் பக்கத்தில் ஆளுக்கொரு மஞ்சள் துணி தொங்கியது. சிலர் தாமாகவே வேப்பிலையும் சொருகி வைத்தார்கள்.

ஆபீசர் வந்து பார்த்தார். "என்ன மிஸ் இது? நோட்டீஸில் மஞ்சள் இல்லையே?"

"சார், நோட்டீஸ்ல துணி இருக்கா?"

"இருக்கிறது."

"தண்ணி?"

"இருக்கிறது."

"மூக்கு?"

அவர் டையைச் சரிசெய்துகொண்டு கிளம்பிவிட்டார். எனக்கு ஒரே பெருமை. நான் கெட்டிக்காரி என்று நானே முடிவு கட்டிக்கொண்டு திரிந்தேன்.

ஆறாவது மாதம் வந்தது. மார்கழி மாதம். மதராஸிலிருந்து பெரிய மானேஜர் வருகிறார், சாப்பாடு முடிந்து சரியாக இரண்டு மணிக்கு ஒத்திகை என்று ஏற்பாடு. மதிலுக்கு வெளியே பொட்டலில் ஈர வைக்கோலைக் கொளுத்திப் புகை போடுவார்கள். அதுதான் வாயு என்று வைத்துக்கொள்ள வேண்டும். மானேஜரும் ஆபீசரும் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்து, வருகிற ஜனத்தைப் பார்ப்பார்கள். ஆபீசர் கையில் ஒரு படிவம். 'மக்கள் குறித்த இடத்துக்கு வந்தார்களா?' என்று அதில் ஒரு கேள்வி. என் தலையெழுத்து அந்த ஒரு வரியில் இருந்தது.

அன்று காலை மீன்காரம்மா என்னைத் தெருமுனையில் மடக்கினாள்.

"ரெண்டு மணிக்கா பொக போடப் போறீங்க?"

"ஆமாம்."

"ரெண்டு மணிக்கு கடல் காத்து வந்துடும். கெயக்கேர்ந்து மேக்கால அடிக்கும். நீ எங்கள மேக்கால ஸ்கூலுக்கு ஓடுன்ற. பொகையும் நாங்களும் கைகோத்துக்கினு போவறதா?"

அவள் சொன்னது சரி. கேட்ட உடனேயே எனக்கு அது தெரிந்துவிட்டது. ஆபீசர் ஒருநாள் காலை ஒன்பது மணிக்கு ஃபேக்டரிக் கொடி எந்தப் பக்கம் பறக்கிறது என்று பார்த்தார். கரைக்காற்று, கிழக்கே போய்க்கொண்டிருந்தது. உடனே மேற்கே பள்ளிக்கூடம் என்று எழுதி அச்சுக்கு அனுப்பிவிட்டார். மத்தியானத்துக்கு மேல் காற்று திரும்பும் என்பதைக் கடல் பார்த்து வளர்ந்தவள் சொல்லித்தான் எனக்கே புரிந்தது. ஆனால் அன்றைக்கு எனக்குக் காற்றா பெரிசு? அந்தப் படிவம்தான் பெரிசு.

"நோட்டீஸ்ல பள்ளிக்கூடம்னு போட்டிருக்கு. இன்னிக்கு ஒருநாள் பேசாம அங்கேயே வாங்கோ. என் வேலையே இதுல இருக்கு" என்றேன்.

"நெசமா சிலிண்டரு காஸு வந்தாலும் அங்கியே ஓடணுமா?"

"இன்னிக்கு நெசம் இல்லையே!"

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "சரி தாயி" என்று சொல்லிவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

இரண்டு மணி. பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில் நாற்காலிகள், சோடா, வாழைப்பழம். சங்கு விட்டு விட்டு ஊதியது. பொட்டலில் புகை எழுந்தது. வாட்ச்மேன் கடமை தவறாத மனிதர், ஒத்திகை தத்ரூபமாக இருக்கட்டும் என்று வைக்கோலில் இரண்டு கை வரமிளகாயையும் அள்ளிப் போட்டிருந்தார். அது எங்களுக்குத் தெரியாது.

ஜனம் தெருவுக்கு வந்தது. எல்லோர் முகத்திலும் மஞ்சள் துணி. என் வயிற்றில் பாலை வார்த்தது மாதிரி இருந்தது. அடுத்த நிமிஷம் மொத்த ஊரும் கிழக்கே திரும்பி, ஊர் எல்லையில் இருக்கிற சின்ன ஏரிக்கரையைப் பார்த்து ஓடியது. முன்னால் ஓடியவள் இடுப்பில் மீன் கூடை.

"மிஸ்! எங்கே போகிறார்கள் அவர்கள்?" என்று ஆபீசர் அலறினார்.

போச்சு. எல்லாம் போச்சு. அரக்கோணத்து இமைகள் என் கண் முன்னால் வந்து நின்றன. அந்த மீன்காரியை நான் என்னென்ன திட்டினேன் என்று இங்கே எழுத முடியாது, மனசுக்குள்தான் திட்டினேன் என்றாலும்.

திட்டி முடிப்பதற்குள் புகை வந்துவிட்டது. நேராக எங்களைத் தேடிக்கொண்டு வந்தது. மானேஜர் ஒரு தும்மல் போட்டார். அப்புறம் எண்ணவில்லை. ஆபீசர் டையைத் தூக்கி மூக்கில் வைத்துக்கொண்டு நாற்காலியோடு விழுந்தார். எனக்குக் கண் திறக்கவில்லை, நெஞ்சு எரிந்தது. ஊருக்கெல்லாம் ஆறு மாதம் ஈரத்துணி பாடம் எடுத்தவள், எனக்கென்று ஒரு கைக்குட்டை கூட நனைத்துக்கொண்டு வரவில்லை. அந்த மிளகாய்ப் புகையில்தான் முதல் முறையாக நினைத்துப் பார்த்தேன், இது நிஜ வாயுவாக இருந்திருந்தால்? அறுபது வீட்டு ஜனமும் இப்போது இங்கே நின்றிருக்கும். நான்தான் கூப்பிட்டு நிறுத்தியிருப்பேன்.

யாரோ என் தலையைப் பிடித்து நிமிர்த்தினார்கள். மூக்கில் ஈரத்துணி விழுந்தது. மஞ்சளும் மீனும் கலந்த வாடை.

"நாத்தந்தான். ஆனா மூச்சு வுடலாம், வுடு" என்றாள் மீன்காரம்மா. ஏரிக்கரையிலிருந்து திரும்பி ஓடி வந்திருக்கிறாள். ஆபீசருக்கும் அவளே கட்டிவிட்டாள். மானேஜர் கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டார்.

புகை அடங்கியதும் ஆபீசர் சிவந்த கண்ணோடு கேட்டார். "கிழக்கே போகச் சொன்னது யார்?"

மீன்காரம்மா என்னைக் காட்டினாள். "இந்தப் பொண்ணுதான் சார் சொல்லிச்சி. நோட்டீஸ பாக்காத, காத்த பாத்து ஓடுன்னு படிச்சிப் படிச்சிச் சொல்லிச்சி."

நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். இல்லை சார், இவள்தான் சொன்னாள், நான் தடுத்தேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். வாயில் துணி கட்டியிருந்தது. அது நல்ல சாக்காகப் போய்விட்டது. மானேஜர் என்னைப் பார்த்துத் தலையாட்டினார். ஆபீசர் படிவத்தில் என்னவோ எழுதினார். பத்து நாளில் வேலை நிரந்தரமாகிவிட்டது. இன்றைக்கு நான் சாப்பிடுகிற பென்ஷன் அந்த வாய்மூடலில் வந்ததுதான். வெட்கமாக இல்லையா என்றால், இருக்கிறது.

அடுத்த மாதம் புது நோட்டீஸ் வந்தது. 'முதலில் காற்றைப் பார்க்கவும். புகை போகும் பக்கம் போகக் கூடாது. கரைக்காற்று அடித்தால் பள்ளிக்கூடம், கடல்காற்று அடித்தால் ஏரிக்கரை.' மஞ்சள் கூட இருந்தது. கீழே, 'தயாரித்தவர்' என்று என் உத்தியோகத்தைப் போட்டிருந்தார்கள். முதல் பிரதியை எடுத்துக்கொண்டு மீன்காரம்மா வீட்டுக்குப் போனேன்.

"எனக்கு எங்க படிக்கத் தெரியும்? நீயே படி" என்றாள்.

படித்தேன். கடைசிக்கு வந்ததும் என் நாக்கு நின்றுவிட்டது. 'தயாரித்தவர்' என்று அவள் முகத்தைப் பார்த்துப் படிக்க எனக்குத் தைரியம் இல்லை. காகிதத்தில் கண்ணை வைத்துக்கொண்டே சொன்னேன், "காற்றைப் பார்க்கச் சொன்னவர், இந்த ஊர் மீன்காரம்மா."

"அப்டியா போட்டுகீறாங்க?" என்று வாயில் கை வைத்துக்கொண்டாள். நோட்டீஸை வாங்கி நாலாக மடித்துச் சுருக்குப்பையில் போட்டுக்கொண்டாள். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் குழாயடியில் என்னைப் பார்த்ததும் கூடையை இறக்கினாள். சுருக்குப்பையிலிருந்து நோட்டீஸை எடுத்தாள்.

"டீக்கட நைனாகிட்ட குட்த்து இன்னொரு தபா படிக்கச் சொன்னேன்" என்றாள்.

டீக்கடைக்காரர் தினமும் பேப்பர் படிக்கிறவர். இருப்பதை இருக்கிறபடி படித்திருப்பார்.

"அந்தாளுக்கு சரியா படிக்க வரல தாயி. கடைசி வரிய உட்டுட்டாரு."

அவள் கண் என்னை விட்டு நகரவில்லை. சிரிக்கிறாளா என்று பார்த்தேன், சிரிக்கவில்லை. கோபமும் இல்லை. நோட்டீஸைப் பிரித்து என் கையில் வைத்தாள். குழாயடியில் குடத்தோடு நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"நீ படி. இந்த தபா தெருவுக்கே கேக்கறா மாரி படி."

அவள் கூடைக்குப் பக்கத்தில் நின்று, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும், நோட்டீஸில் இல்லாத அந்த வரியையும் சேர்த்து, உரக்கப் படித்தேன்.