ஒரே பிளேட்டில் இரு கைகள்

இதனை எழுதவேண்டிய தேவை அண்மையிலேதான் நேர்ந்தது. அச்சுவேலிச் சந்தைக்கு அருகே வாழும் மூதாட்டி ஒருவருக்கு இடுப்பென்பு முறிந்ததாம். அவரைப் பராமரித்த மகளே தள்ளி விழுத்தினாள் என்று அயல் முழுவதும் பேசிக்கொள்கிறதாம். செய்தியைக் கொண்டுவந்தவர் இன்று எக்ஸ்றே அறையிற் பணிபுரியும் இளைஞர். "சும்மா கிடக்க எலும்பு முறியுமோ ஐயா?" என்று அவரும் கேட்டார். எக்ஸ்றே அறையில் இருப்பவரே அவ்வாறு கேட்டமையால் நான் வாளாவிருத்தல் தகாது என்று கருதினேன். கீழே வரும் நிகழ்ச்சியில் தொடர்புடைய பொன்னம்மா என்னும் அம்மையாரிடம் இசைவு பெற்றே எழுதுகிறேன்.

கெட்ட படங்கள்

இரண்டாம் உலகப் போருக்குச் சில ஆண்டுகள் முன்னர், யாழ்ப்பாண நகரத்து மருத்துவமனை ஒன்றின் எக்ஸ்றே அறையில் நான் பணியேற்றேன். அதன் பெயர் இங்கு வேண்டியதில்லை. அறையில் நீண்ட மேசை ஒன்று, அதன் மேலே கதிர்க் குழாய், மூலையில் உறுமும் மின்பெட்டி, அடுத்தாற்போல் இருட்டறை. வெயிற் காலத்தில் டெவலப்பர் மருந்து சூடேறிப் படத்தைக் கெடுத்துவிடும். ஆதலால் கிணற்று நீர் நிறைத்த பெரிய மண்சட்டியினுள் மருந்துத் தட்டை இறக்கி வைத்தே வேலை செய்வோம்.

இவ்வளவு பேணியும் வயது சென்ற பெண்களின் படங்கள் மாத்திரம் எனக்குச் சரிவரவில்லை. வெண்மையாய்த் தெரியவேண்டிய என்பு சாம்பல் நிறமாய்த் தெரிந்தது. கதிர் மிகுந்தால் படம் கருகும் என்பது எங்கள் தொழிலின் முதற்பாடம். ஆகவே கதிரைக் குறைத்தேன். படம் முழுவதும் மங்கியதே தவிர என்பு துலங்கவில்லை. படம் பதிந்த அத்தகைய பிளேட்டுகளின் ஓரத்தில், கதிர் மிகுந்தது என்னும் பொருளில், 'ஓவர்' என்று குறித்து ஒதுக்கி வைத்தேன்.

அறுவைச் சிகிச்சை செய்யும் எங்கள் சத்திர வைத்தியர் கொழும்பிற் படித்துத் திரும்பியவர். நகைச்சுவை நாவில் நிற்பவர்.

"என்ன காணும், குமர்ப் பிள்ளையளின்ரை படமெல்லாம் வடிவாய் வருகுது. கிழவியளைக் கண்டால் மட்டும் உம்மடை மிசினுக்குக் கை நடுங்குதோ?" என்றார் ஒருநாள்.

"மிசினுக்குக் கண் இல்லை ஐயா," என்றேன்.

"அதுக்கு இல்லை. அதைத் திருகிறவருக்கு இருக்கெல்லோ."

தாதியர் சிரித்தனர். நானும் சிரித்தேன். பிழை என்னுடையதே என்று வைத்தியரும் நானும் நம்பியிருந்தோம்.

கரவெட்டி வண்டி

அந்நாளில் ஒரு காலைப்பொழுது, கரவெட்டியிலிருந்து மாட்டு வண்டி ஒன்று வந்தது. கதவுப் பலகையொன்றிற் கிடத்தப்பட்டிருந்தவர் தெய்வானைப்பிள்ளை என்னும் கைம்பெண். வலக்கால் குறுகி, பாதம் வெளிப்புறமாய்த் திரும்பிக் கிடந்தது. உடன் வந்தவர்கள் மூவர்: அவருடைய மகள் பொன்னம்மா, பொன்னம்மாவின் தமையன் கதிரவேலு, கணவர் நாகலிங்கம். நாகலிங்கம் ஊர்ச் சைவப் பாடசாலையில் ஆசிரியர். யாழ்ப்பாண வழக்கப்படி சீதனமாய் வந்த மனைவியின் வீட்டிலே வாழ்ந்தார்; மாமியாரும் அவ்வீட்டிலேயே இருந்தார்.

கதிரவேலு வாயிலிலேயே வைத்தியரை மறித்தார்.

"ஐயா, உவர் வாத்தியார் தள்ளி விழுத்தினதெண்டு ஒரு துண்டு எழுதித் தாங்கோ. விதானையாரிட்டைக் குடுக்கோணும். முதல்நாள் பின்னேரம் உவர் அம்மாவோடை சத்தம் போட்டது பக்கத்து வளவுக்கும் கேட்டிருக்கு. விடிய அம்மா கிணத்தடியிலை கிடக்கிறா. வேறை என்ன வேணும்?"

நாகலிங்கம் தலை நிமிராமல் விடை சொன்னார். "சத்தம் போட்டனான்தான். இரவிலையும் ஏதும் சாப்பிடுங்கோ, விடியப்புறத்திலை தனியப் போய்த் தண்ணி அள்ளி முழுகாதையுங்கோ எண்டு போட்ட சத்தம்."

"கேட்டீங்களோ ஐயா? வாத்தியாரெல்லோ, பாடமாக்கிக் கொண்டு வந்திருக்கிறார்."

பலகையிற் கிடந்த தாய் இருவரையும் பார்த்தார். "கதிரவேலு, ஒருத்தரும் தள்ளேல்லை மோனை. விழுந்து கால் முறியேல்லை. திரும்பினன், கால் விட்டுது, பிறகுதான் விழுந்தன்."

"அம்மா மருமோனைக் காப்பாத்தக் கதைக்கிறா," என்றார் மகன்.

விதானையார் என்பவர் அக்காலத்து ஊர்த் தலைமைக்காரர். அவர் கையில் வைத்தியரின் துண்டு சேர்ந்தால் வழக்காகும். வழக்கானால் ஆசிரியப் பதவி போகும். அவ்வீட்டில் நாகலிங்கத்துக்கு இடமும் இராது. பொன்னம்மா தாயின் காலைப் பிடித்தபடி நின்றார்.

கழற்றாத காப்பு

இடுப்பைப் படம் பிடித்தேன். தொடையென்பின் கழுத்து முறிந்திருந்தது. சுற்றியிருந்த என்பு வழக்கம்போல் இருண்டு கிடந்தது. ஈரம் சொட்டும் பிளேட்டை வைத்தியர் வெளிச்சத்திற் பிடித்து நெடுநேரம் நோக்கினார்.

"இது உம்மடை பிழையோ, எலும்பின்ரை பிழையோ?"

"அறியேன் ஐயா."

"எனக்கும் தெரியேல்லை. இருந்து பாரும். தாயின்ரை கையையும் மகளின்ரை கையையும் ஒரே பிளேட்டிலை வையும். ஒரே கதிர், ஒரே மருந்து. பிழை உம்மடையெண்டால் இரண்டு கையும் கருகோணும்."

அத்துணை எளிய வழி எங்கள் இருவருக்கும் அன்றுவரை தோன்றவில்லை.

தாயின் இடக்கை வெறுமையாய் இருந்தது. கணவன் இறந்த நாளிலிருந்தே அது அப்படித்தான். மகளின் கையிலோ பொற்காப்புகள். பொன்னின் நிழல் மணிக்கட்டை மறைத்துவிடும் என்பதால் அவற்றைக் கழற்றுமாறு வேண்டினேன். பொன்னம்மா கதவுப் பக்கம் திரும்பினார். நாகலிங்கம் வெளியே வாங்குப் பலகையில் அமர்ந்திருந்தார்.

"அவர் வெளியிலை இருக்கேக்கை மூளிக்கையோடை நிக்கமாட்டன் ஐயா."

"ஒரு நிமிசந்தான் பிள்ளை," என்றார் வைத்தியர்.

"ஒரு நிமிசமும் மாட்டன். மேலை ஏத்திக் கட்டுறன்."

சேலைத் தலைப்பிற் கிழித்த துணியினாற் காப்புகளை முழங்கைப் பக்கமாய் ஏற்றி இறுகக் கட்டிக்கொண்டு கையை நீட்டினார். தாயின் கைக்கருகே மகளின் கையை வைத்து ஒரே பிளேட்டிற் படம் பிடித்தேன்.

இருட்டறையிற் படம் மேலெழுந்தபோது மகளின் கையென்புகள் சங்குபோல் வெளுத்திருந்தன. தாயின் கையோ மூன்று மாரி கண்டு உக்கிய தென்னோலைக் கிடுகுபோல் இருந்தது. வெளிக்கோடு மட்டும் மெல்லியதாய் நின்றது, உள்ளே எல்லாம் ஓட்டை. நான் 'ஓவர்' என்று குறித்து ஒதுக்கிய பிளேட்டுகள் நினைவில் வந்தன. அவை கெட்ட படங்கள் அல்ல. அவை கண்டதைக் காட்டிய படங்கள்.

ஒருபொழுது

வைத்தியர் கதிரவேலுவை அழைத்துப் பிளேட்டைக் காட்டினார். "பாரும் தம்பி. உம்மடை தங்கச்சியின்ரை எலும்பு இது. உம்மடை அம்மாவின்ரை எலும்பு இது. இந்த எலும்புக்கு ஒருத்தரும் தள்ளத் தேவையில்லை. நிண்டு திரும்பினாலே முறியும். அவ சொல்லுறது உண்மை."

கதிரவேலு பிளேட்டை வாங்கிப் பார்த்தார். முகம் இளகியது. வெளியே இருந்த நாகலிங்கத்தைக் கூப்பிட அவர் வாயெடுத்ததாகவே எனக்குத் தோன்றியது.

அவ்வேளையில் வைத்தியர் தாயிடம் திரும்பி, ஆராய்ச்சியாளர்க்குரிய ஆர்வத்தோடு, "எத்தினை பிள்ளை பெத்தனீங்கள் அம்மா? என்ன சாப்பிடுறனீங்கள்?" என்று வினவினார்.

"ஏழு பெத்தனான், நாலு மிஞ்சினது. ஒவ்வொண்டுக்கும் பத்தியம் காத்தனான். அவர் போனபிறகு ஒருபொழுதுதான் ஐயா. பாலும் விட்டிட்டன்."

ஒருபொழுது என்பது நாளுக்கு ஒருவேளை மட்டும் உண்ணும் நோன்பு. அவர் தாமே விரும்பி ஏற்றது. அதனை அறியாத பிள்ளைகள் அவ்வீட்டில் இல்லை. ஆயினும் கதிரவேலு பிளேட்டை மேசையில் வைத்துவிட்டுத் தங்கையை உறுத்துப் பார்த்தார்.

"ஒருநேரச் சாப்பாடு. பாலும் இல்லை. அப்ப தள்ளி விழுத்தேல்லை. உன்ரை மனிசன் பட்டினி போட்டு எலும்பை உருக்கிப்போட்டான்."

"அண்ணை!" என்றார் பொன்னம்மா. "அம்மா தானே இருந்தவ. விரதத்துக்கெண்டு அவவுக்குத் தனியச் சமைக்கச் சட்டி பிரிக்க நீங்களும் வந்தனீங்கள்தானே!"

"உன்ரை வீட்டிலைதானே இருந்தவ," என்றார் தமையன்.

"நானெல்லோ இருந்தனான் மோனை," என்று தாய் பலமுறை சொன்னார். வைத்தியரும் சினந்து பேசினார். பயனில்லை. தள்ளினார் என்ற பழிக்குச் சான்று வேண்டியிருந்தது. பட்டினி போட்டார் என்ற பழிக்கோ நாங்களே சான்றைக் கழுவி உலர்த்திக் கொடுத்திருந்தோம்.

விதானையாரிடம் துண்டு போகவில்லை. வழக்கும் எழவில்லை. பேச்சு மாத்திரம் வண்டிக்கு முன்னே கரவெட்டியை அடைந்தது.

பிற்பாடு

அக்காலத்தில் இத்தகைய முறிவுக்குக் கட்டிலிற் கிடத்தி, காலில் எடை கட்டி, இருபுறமும் மணல் மூடை வைப்பதே வழி. என்பைத் தேற்றுவதற்கு வைத்தியர் அறிந்த மருந்து மீனெண்ணெய். தாதி கரண்டியில் ஊற்றிக்கொண்டு வந்தபோது தெய்வானைப்பிள்ளை வாயை இறுக மூடிக்கொண்டார்.

"இந்த வயசிலை மச்சம் தொடவோ? சுவாமிக்கு என்னெண்டு முகம் காட்டுறது?"

"மருந்தம்மா, கறியில்லை," என்றார் வைத்தியர்.

"மணம் கறியாய்த்தானே கிடக்கு."

சொல்லிவிட்டு அவரே சற்றுச் சிரித்தார். அவர் சிரித்து நான் கண்டது அந்த ஒருமுறைதான். முதுகிற் புண் கண்டது; பின்னர் நெஞ்சிற் சளி கட்டியது. மருத்துவமனைக் கட்டிலிலேயே இறந்தார்.

செத்த வீட்டுக்கு வைத்தியரும் நானும் சென்றோம். நாகலிங்கம் ஒழுங்கையில், வேலிக்கு வெளியே நின்றார். அது அவருடைய மனைவியின் வீடு. எனினும் படலையைத் திறந்து அவரை உள்ளே அழைப்பார் இல்லை. வைத்தியர் கையைப் பற்றி அழைத்தார். "வேண்டாம் ஐயா. நான் போனால் அவவின்ரை பிணத்துக்கு முன்னாலை சண்டை வரும்," என்றார் நாகலிங்கம்.

பாடசாலையில் பெற்றோர் தம் பிள்ளைகளை அவர் வகுப்பிலிருந்து மாற்றக் கேட்டனர். சில மாதங்களின் பின் அவர் மலாயாவுக்குக் கப்பலேறினார். சிறிது காலம் கடிதம் வந்தது. சப்பானியர் மலாயாவைப் பிடித்தபின் நின்றுபோயிற்று.

தாயும் மகளும் ஒரே பிளேட்டிற் கை வைக்கும் முறையை வைத்தியர் தொடர்ந்து கையாண்டார். வலிகாமத்தில் பயிர் செய்யும் கமக்காரக் குடும்பங்களிலும், மீனுண்ணும் குருநகர்க் குடும்பங்களிலும் படம் பிடித்தோம். உணவாலா, மகப்பேறுகளாலா, மூப்பினாலேயா என்பு இளைக்கிறது என்று அறிய விரும்பினார். கடற்கரைப் பெண்களிலும் இளைத்த கைகள் இருந்தன. எதனையும் முடிவாய்ச் சொல்லப் போதிய படங்கள் எங்களிடம் இல்லை. போரினாற் பிளேட் வரவு நின்றது. வைத்தியர் தெற்கே மாற்றலாகிச் சென்றார். இருந்த பிளேட்டுகள் மாரி ஈரத்திற் பூஞ்சணம் பிடித்தன. அவர் எழுதக் கருதிய கட்டுரை எழுதப்படவேயில்லை.

போர் முடிந்த பின்னர் ஒருநாள், பொன்னம்மா மணிக்கட்டு வீங்கிய நிலையில் வந்தார். இருக்கையிலிருந்து எழும்போது கையை ஊன்றினாராம், அவ்வளவே. நான் ஒன்றும் சொல்லாமலே காப்புகளை ஏற்றிக் கட்டினார்.

"வாத்தியாரிட்டையிருந்து ஏதும்...?" என்று கேட்டேன்.

"கடிதம் இல்லை ஐயா. ஆள் இல்லையெண்டும் ஒருத்தரும் சொல்லேல்லை. அதாலை காப்பு போட்டிருக்கிறன்."

பூஞ்சணத்துக்குத் தப்பிய அப்பழைய பிளேட்டைத் தேடியெடுத்துப் புதிய படத்தின் அருகே வைத்தேன். மகளின் கை தாயின் கையை நோக்கிச் செல்லத் தொடங்கியிருந்தது.

இத்தொழிலுக்கு வரும் இளையோர்க்கு இரண்டு சொல்வேன். முதியோரின் படம் கருகியிருந்தால், அதை ஒதுக்குமுன் இளையோர் ஒருவரின் கையை அருகே வைத்துப் பாருங்கள். நோயாளியிடம் உணவையும் வாழ்வையும் பற்றிக் கேட்குமுன் உறவினரை வெளியே அனுப்புங்கள். இரண்டாவதை அன்று நாங்கள் அறிந்திருக்கவில்லை.

பொறி, மருந்து முதலியன பற்றி நான் எழுதியவற்றுள் நினைவுப் பிசகு இருத்தல் கூடும், அறிந்தோர் திருத்துக. நாகலிங்கம் மலாயாவிலிருந்து மீளவில்லை என்றும், அவரைப் பற்றிச் செய்தி ஏதும் இல்லை என்றும் எழுதியுள்ளேன். அது பிழையென அறிந்தவர் எவரேனும் இருப்பின், பொன்னம்மா இன்னும் அதே வீட்டில்தான் இருக்கிறார். முதலில் அவருக்கு அறிவியுங்கள். எனக்கு ஆறுதலாய்ச் சொல்லலாம்.