பெரணி டீச்சரின் சந்தேகம்

ஓசூர் சந்தையில் கீரைக்கட்டைப் பிரித்து, ஒவ்வோர் இலையாகத் திருப்பிப் பின்பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறார் ஜோதியம்மாள். கீரை விற்கும் நாராயணம்மாவுக்கு இது பழகிப்போன தொந்தரவு. "காலையில பறிச்சதுங்க டீச்சரம்மா. மேல பாத்தாலே தெரியுதில்ல?" என்கிறாள். "மேல எல்லாம் நல்லாத்தான் இருக்கும். பின்னாடிதான் விஷயமே இருக்கு" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டைப் பிரிக்கிறார் ஜோதியம்மாள்.

பெண்கள் பள்ளிக்கூடத்தில் அவர் விஞ்ஞான ஆசிரியை. வயது நாற்பதைத் தாண்டிவிட்டது, கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஒல்லியான, நெட்டையான உருவம். புடவைக்குக் கீழே ஆண்கள் போடும் கான்வாஸ் பூட்ஸ், கையில் எப்போதும் ஒரு கறுப்புக் குடை. பள்ளிக்கூடக் கடிகாரத்தை நம்பமாட்டார். ஆய்வுக்கூடத்துப் பாட்டில்களில் ஒட்டியிருக்கும் பெயர்களை அறவே நம்பமாட்டார். "பாட்டில் மேல எழுதியிருக்குன்னா அதுதான் உள்ளே இருக்குன்னு யாரு சொன்னது?" என்பது பெண்களிடம் அவர் அடிக்கடி கேட்கும் கேள்வி. அவர் முதுகுப்புறம் பெண்கள் அதே குரலில் அதையே சொல்லிச் சிரிப்பார்கள்.

லீவு நாட்களில் அவர் மலைக்குப் போய்விடுவார். பெரணிச் செடிகள்தான் அவருடைய ஆராய்ச்சி. பூக்காத, காய்க்காத, விதையில்லாத செடி அது. இலையின் பின்பக்கம் பழுப்பு நிறத்தில் பொட்டுப் பொட்டாக ஒட்டியிருக்கும் வித்துத் தூளிலிருந்துதான் அது முளைக்கும். "பூவே இல்லாத செடியில என்னம்மா இருக்கு?" என்று உடன் வேலை பார்க்கும் சரோஜம்மாள் ஒருமுறை கேட்டாள். "உலகத்துல பூன்னு ஒண்ணு வர்றதுக்கு முன்னாடியே இது இருந்தது சரோஜா. எது முதல்ல வந்தது, எதுலேர்ந்து எது பிரிஞ்சது, யாருக்கு யாரு சொந்தம், அதைத்தான் தேடிகிட்டிருக்கேன்" என்றார் ஜோதியம்மாள்.

பெரும்பாலான பெரணிகளில் ஒரே இலை வெயிலும் வாங்கும், வித்தும் சுமக்கும். சிலவற்றில் மட்டும் வேலை பிரிந்துவிடும். அகலமான இலை வெயிலுக்கு, ஒடுக்கமான இலை வித்துக்கு. இந்தப் பிரிவினை எப்போது, எந்தக் கிளையில் வந்தது என்பதைக் காட்டப் பெரணிகளுக்கு ஒரு வம்சமரம் வரைந்து தன் அறைச் சுவரில் மாட்டியிருந்தார். அதில் ஒரு கிளை மட்டும் அவர் கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது.

அந்தக் கிளைக்கு ஆதாரம் பேராசிரியர் தீர்த்தகிரியின் ஒரே ஒரு தாள். அவர் இளவயதில் அஞ்செட்டி மலையோடை ஒன்றில் கண்டெடுத்து, உலர்த்தி, தாளில் ஒட்டிவைத்த பெரணி. அகல இலை ஒன்றும் ஒடுக்க இலை ஒன்றும் அதில் இருந்தன. வேர் இல்லை. இரண்டும் ஒரே செடியின் இலைகள் என்று சொல்லி அதற்கு ஒரு பெயரும் வைத்திருந்தார். அந்தத் தாளைப் பார்த்த நாளிலிருந்து ஜோதியம்மாளுக்குத் தூக்கம் கெட்டது. வேர் எங்கே? வேரைக் காட்டாதவர் எதையோ மறைக்கிறார் என்றுதான் அவருக்குப் பட்டது. சுவரிலிருந்த மரத்தில் அந்தக் கிளையை இரண்டாகப் பிரித்து வரைந்துவைத்தார்.

பெங்களூரில் தாவரவியல்காரர்கள் கூடிய கூட்டத்தில் எழுந்து நின்று சொல்லியேவிட்டார். "ரெண்டு செடியை ஒரு தாள்ல ஒட்டி ஒரு பேர் வெச்சிருக்காங்க. பேராசிரியர் அந்த ஓடைக்குப் போனாரான்னே எனக்குச் சந்தேகமா இருக்கு."

ஓய்வு பெற்றுக் கிருஷ்ணகிரியில் இருந்த தீர்த்தகிரி அன்று முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். அப்போதே அவருக்குப் பார்வை ஏறக்குறைய போய்விட்டது. குரல் வந்த திசையில் முகத்தைத் திருப்பி, "வேரோட எடுக்க மனசு வரல்லேம்மா. அங்க கொஞ்சந்தான் இருந்தது" என்றார். யாரோ சிரித்தார்கள். பிறகு பலரும் சிரித்தார்கள்.

வேர் இல்லாததற்கு இது நல்ல சாக்கு என்று நினைத்துக்கொண்டு ஜோதியம்மாள் அஞ்செட்டிக்கு பஸ் ஏறினார். அங்கிருந்து காட்டு வழியே நடந்து, அந்த ஓடையைத் தேடிப் பிடித்தார். செடி இருந்தது. பாறை இடுக்கில் அகல இலையும் ஒடுக்க இலையும் பின்னிக் கலந்து நின்றன. எது எங்கிருந்து கிளம்புகிறது என்று பாறை காட்டிக்கொடுக்கவில்லை. பிடுங்கிப் பார்த்தால் தெரிந்துவிடும். ஆனால் மொத்தமே ஒரு கைப்பிடி அளவு செடிகள்தான் இருந்தன. அவருக்குப் பிடுங்க மனம் வரவில்லை. அந்தக் கிழவர் சொன்ன காரணமும் இதுதான் என்பது அப்போது அவருக்கு உறைக்கவே இல்லை. எந்த இலைக்குப் பக்கத்தில் எந்த இலை துளிர்க்கிறது என்று மழைக்காலம் முழுக்க வந்து பார்ப்பது என முடிவு செய்து, செடிகளில் சின்னச் சின்னத் தகரத் துண்டுகளைக் கட்டினார். பாறையில் வெள்ளைப் பெயிண்டால் கோடு போட்டார்.

அது மொழிவாரியாக மாநிலங்களைப் பிரிக்கப்போகும் சமயம். ஓசூர்ப் பக்கம் யாருக்குப் போகும் என்று டீக்கடைகளில் தமிழிலும் கன்னடத்திலும் தெலுங்கிலும் சண்டை நடந்துகொண்டிருந்தது. அந்தச் சமயத்தில் பூட்ஸ் போட்ட ஒரு பொம்பிளை பாறையில் கோடு போட்டால் மலைக்காரர்கள் என்ன நினைப்பார்கள்? மாடு மேய்க்கும் சென்னம்மா அவரைத் தூரத்திலிருந்தே பின்தொடர்ந்தாள். ஒருநாள் வழிமறித்து, "எங்கள மைசூர்ல சேக்கறீங்களா, மெட்ராஸ்லயே வெச்சிக்கறீங்களா?" என்று கேட்டாள்.

"நான் சர்க்கார் ஆள் இல்லம்மா. பெரணி பாக்க வந்தேன்."

"மாடுகூடத் தின்னாத செடி. இதப் பாக்க ஓசூர்லேந்து பஸ்ஸேறி யாரு வருவாங்க?"

ஜோதியம்மாளும் இவளை நம்பவில்லை. நான் போகிற இடமெல்லாம் நிழல் மாதிரி வருகிறாளே, தீர்த்தகிரியின் பழைய மாணவர்கள் யாராவது வேவு பார்க்கச் சொன்னார்களோ என்று அவர் மனம் கணக்குப் போட்டது.

ஒரு நல்ல மழைக்குப் பிறகு வந்தபோது பாறை இடுக்கு காலியாக இருந்தது. ஒரு செடி மிச்சமில்லை. எல்லாம் வேரோடு பிடுங்கப்பட்டுக் கரையில் குவிந்து கிடந்தன. வெள்ளைக் கோட்டின் மேல் சாணி பூசியிருந்தது.  தடயத்தை அழித்துவிட்டார்கள் என்றே நினைத்தார் ஜோதியம்மாள். குடையை ஓங்கிப் பிடித்தபடி சென்னம்மாவிடம் போய் நின்றார்.

"யாரு சொல்லிப் புடுங்கினே? கிருஷ்ணகிரிலேர்ந்து யாரு வந்தாங்க?"

"யாரும் வர்ல. நாந்தான் புடுங்குனேன்." சென்னம்மா பின்வாங்கவில்லை. "போன தபா இப்படித்தான் கல்லுல சுண்ணாம்பு அடிச்சிகினு போனாங்க. அப்பறம் ரிசர்வ் பாரஸ்ட்டுன்னாங்க. எங்க மாட்ட எல்லாம் ஓட்டிகினு போயிப் பட்டியில அடைச்சாங்க. அதுல எங் கன்னுக்குட்டி செத்துப்போச்சு. இந்தத் தகரத்துக்குப் பின்னாடி என்னா வருமோ, யாருக்குத் தெரியும்?"

ஜோதியம்மாள் குடையைத் தாழ்த்தினார். இந்தக் கேள்வியைக் கேட்டே வாழ்ந்தவர் அவர். கரைக்குத் திரும்பி வந்து குவியலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். ஒரு செடியை எடுத்து ஓடைத் தண்ணீரில் மண்ணை அலசினார். விரல் தடிமனில் ஒரு வேர்த்தண்டு வெளிப்பட்டது. அதிலிருந்து அகல இலையின் காம்பு கிளம்பியது. அதற்குச் சற்றுத் தள்ளி, அதே தண்டிலிருந்து ஒடுக்க இலையின் காம்பு.

இன்னொன்றை அலசினார். அதிலும் அப்படியே. வேறொன்று. அதுவும் அப்படியே. தன் கையையே சந்தேகப்பட்டவராய், பின்னால் வந்து நின்ற சென்னம்மாவிடம் செடியை நீட்டினார்.

"இதைப் பிரிச்சுக் குடு. ரெண்டா வருதா பாரு."

"எதுக்கு?"

"சும்மா பாரும்மா."

சென்னம்மா அரைமனதோடு வாங்கி, காம்புகளைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். "வரமாட்டேங்குது" என்று திருப்பிக் கொடுத்தாள்.

 ஜோதியம்மாள் அறைச் சுவரில் இருக்கும் மரத்தை அழித்துத் திரும்ப வரைய வேண்டும். அது பெரிய வேலையில்லை. பெங்களூர் மண்டபத்தில் எழுந்த சிரிப்புத்தான் காதை விட்டுப் போகவில்லை. அதை எந்த ரப்பரால் அழிப்பது?

ஒரு செடியை மட்டும் எடுத்துவைத்துக்கொண்டு, இன்னும் ஈரம் காயாத மற்றச் செடிகளைப் பொறுக்கிப் பாறை இடுக்கில் திரும்பச் செருக ஆரம்பித்தார். சென்னம்மா நின்று வேடிக்கை பார்த்தாள். "மறுபடியும் தகரம் கட்டமாட்டியே?" என்றாள். "கட்டமாட்டேன்" என்றார் டீச்சர். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, முந்தானையில் சேற்றுமண் அள்ளிக்கொண்டு வந்து இடுக்கில் அப்பினாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கிருஷ்ணகிரியில் தீர்த்தகிரியின் வீட்டுக் கதவைத் திறந்தது அவர் மனைவி லட்சுமியம்மாள். ஈரச்சாக்கு மூட்டையோடு நின்றவரை மேலும் கீழும் பார்த்தாள். வழியை விடவில்லை.

"இன்னும் சொல்றதுக்கு என்ன பாக்கி இருக்குன்னு வந்தே? அன்னிலேர்ந்து இவரு புஸ்தகத்தைத் தொடறதில்ல."

"யாரு லட்சுமி?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"ஓசூர் டீச்சரு."

 "வரச் சொல்லு" என்றார் தீர்த்தகிரி.

சாய்வு நாற்காலியில், வாசலுக்கு நேராக முகத்தை வைத்து உட்கார்ந்திருந்தார் கிழவர். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் ஜோதியம்மாள் சொற்களைத் தேடி அடுக்கிவைத்திருந்தார்.  ஆனால் அறைக்குள் நுழைந்ததும் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து சாக்கைப் பிரித்தார். கழுவிய செடியை அவர் மடியில் வைத்தார். அவருடைய ஆள்காட்டி விரலைப் பிடித்து ஒடுக்க இலையின் நுனியில் வைத்து, காம்பு வழியாக வேர்த்தண்டுக்கு இறக்கி, எடுக்காமலே தண்டின் மேல் நகர்த்தி, மறுகாம்பு வழியாக அகல இலையின் நுனிவரை ஏற்றினார். நுனி வந்த பிறகும் அந்த விரலை விடவில்லை. மறுபடியும் அதே வழியாக, முன்னைவிட மெதுவாக, திரும்ப அழைத்துக்கொண்டு போனார்.