பொம்மைக் கைக்கு ஷாப்ட் மாட்டிய கதை

மோட்டாருக்கு ஷாப்ட் என்கிற சுழல்தண்டை மாட்டிப் பிழைக்கிறவன் தலையில்தான் ஊரில் எது நின்றாலும் பழி வந்து விழும். இதே தொழிலில் அவதிப்படும் சகோதரர்களுக்கு இது புதிதல்ல. எண்பதுகளில் வில்லியனூரில் பம்பு செட் மோட்டார் பார்த்துக்கொண்டிருந்த என் தலையில் விழுந்ததைச் சொல்கிறேன்.

கொசு மோட்டார்

ஜவுளிக்கடை காதர் பாய் ஒரு பொம்மைப் படகோடு வந்தார். பாரிஸில் இருக்கும் மச்சான் அனுப்பியது, ரிமோட்டில் ஓடும். அதன் சுக்கானைத் திருப்பத் தீப்பெட்டி அளவில் ஒரு மோட்டார் உண்டு, பெயர் சர்வோவாம். அதைக் கழற்றிக் கடைவாசல் மரப்பொம்மையின் கைக்கு மாட்ட வேண்டும். பாய் கல்லாவில் இருந்தபடியே ரிமோட்டை அசைத்தால் பொம்மை கையைத் தூக்கி வரவேற்கும். எதிர்க்கடைக்காரர் புது விளக்கெல்லாம் போட்டுக் கூட்டத்தை இழுத்துக்கொண்டிருந்தார். தை மாதக் கல்யாண வியாபாரம் போய்விடுமோ என்று பாய்க்குப் பயம்.

மோட்டாரின் மூக்கில் பொடிப் பற்கள். அதைக் கவ்விக்கொள்ள ஒரு பிளாஸ்டிக் துண்டு இருந்தது. பேக்கிங் என்று நினைத்துக் குப்பையில் போட்டுவிட்டு, பம்பு வேலைப் பழக்கத்தில் பித்தளைக் குழாயை ஷாப்டாக வைத்து அடித்து ஏற்றச் சுத்தியலை ஓங்கினேன். பக்கத்து லேத்துப் பட்டறை மாணிக்கம் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னாபா, கொசுவுக்கு லாடம் அடிக்கிறியா?"

பாதிச் சுற்று

குப்பையைக் கிளறித் துண்டை எடுத்து, அதில் ஒரு பித்தளைக் கம்பியைக் குட்டி ஸ்க்ரூவால் முடுக்கினேன். ரிமோட்டை அசைத்தால் கம்பி பாதிச் சுற்றுதான் போனது. பாகூர்க் கரும்பு விவசாயி ஒருவர் தன் பம்பு மோட்டாருக்காகக் காத்திருந்தார். சுக்கான் அவ்வளவுதான் திரும்பும், இதன் குணமே அதுதான் என்று அவருக்கு விளக்கினேன்.

"என்னுதுக்கும் அந்தக் கொணத்த ஏத்திப்புடாதபா. பாதிக் கரும்புக்குத்தான் தண்ணி போவும்."

முகூர்த்தப் புடவை

மறுநாள் காலை கடைவாசலில் அந்தக் கம்பியில் பொம்மையின் கையை நான் மாட்டி முடித்ததுமே, திருபுவனையிலிருந்து ஒரு குடும்பமே கல்யாணப் புடவை எடுக்க வேனில் வந்து இறங்கியது. பாய் ரிமோட்டை அசைத்தார். கை அழகாக உயர்ந்தது. விரலை எடுத்ததும் கை கீழே இறங்காமல், உள்ளங்கையைக் காட்டியபடி நெஞ்சுக்கு நேரே நின்றுவிட்டது. விரலை எடுத்தால் இந்த மோட்டார் நடுவில் வந்து நிற்கும். நடு எது என்று பார்க்காமல் கையை மாட்டியது என் தப்பு. முகூர்த்தப் புடவை எடுக்க வந்தவர்களை வாசலிலேயே ஒரு கை 'நில்லு' என்கிறது. சகுனம் சரியில்லை என்று பெண்ணின் மாமா எல்லோரையும் எதிர்க்கடைப் பக்கம் திருப்பினார்.

பாயின் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. ஓடிப்போய் ஸ்க்ரூவைக் கழற்றி, நடுவில் நிற்கும்போது கை கீழே தொங்கும்படி மாற்றி மாட்டினேன். பாய் கல்லாவிலிருந்து விடாமல் அசைத்தார். பொம்மையும் ஒழுங்காகத்தான் கூப்பிட்டது. பெண்ணின் அம்மா மட்டும் நடுத்தெருவில் நின்று திரும்பிப் பார்த்தார்.

"பொம்மை கூப்புடுது, சரி. நல்ல காரியத்துக்குத் துணி எடுக்க வந்துகிறோம், நீ எறங்கி வந்து வாய் தொறந்து கூப்புட மாட்டியா பாய்?"

செருப்புகூடப் போடாமல் பாய் தெருவில் இறங்கிக் கும்பிட்டதில் மொத்தக் குடும்பமும் கடைக்குள் வந்துவிட்டது என்றாலும், அதில் நான் மாட்டிய கைக்குக் கொஞ்சமும் பங்கில்லை என்று யாராவது சொன்னால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வரும்.